கூட்டுக்குடும்பம் வளர்த்ததா, வளவு வளர்த்ததா?

கேள்வி: 2 மார்ச் 2025

தேவகோட்டைக்காரன், இருப்பது சென்னையில். எங்கள் தலைமுறை வரை பிள்ளைகள் உருப்படியாக வளர்ந்தார்கள் என்றால் காரணம் கூட்டுக்குடும்பம். ஒரு வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பெரிய வீட்டுக்குள், முப்பது பேர், ஒரே உலை, ஒரே பேச்சு, ஒரே பழக்கம். இன்று அடுக்குமாடியில் அப்பா, அம்மா, பிள்ளை மூன்றே பேர். பக்கத்து வீட்டில் வேறு பாஷை, எதிர் வீட்டில் வேறு சாமி. பிள்ளைகள் தடுமாறாமல் என்ன செய்யும்? மறுப்பவர் உண்டா?

2 மார்ச், இரவு

உண்டு. முதல் மறுப்பு அந்த "ஒரே உலை"க்கு.

செட்டிநாட்டு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் ஒரே உலை எந்தக் காலத்தில் கொதித்தது? மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலத்தில் "வேறு வைத்து" விடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே வளவு, அவனுக்கென்று ஓர் அறை, அவன் பெண்டாட்டிக்குத் தனி அடுப்பு, அரிசி பருப்புக்குத் தனிக் கணக்கு. மாமியார் ஓர் அடுப்பு, மருமகள் ஓர் அடுப்பு. முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்றால்தான் பெரிய அண்டா ஏறும். கோவில் கணக்கும் அப்படித்தான். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோவிலில் எதைச் சேர்ந்தவரானாலும், கல்யாணமானதும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு புள்ளி. வரி அந்தப் புள்ளிக்கு. துணையை இழந்தவர் அரைப்புள்ளி.

ஆக, தெருவில் நின்று பார்த்தால் ஒரு குடும்பம். உள்ளே போய் அடுப்பை எண்ணினால் ஆறேழு குடித்தனம். பிள்ளைகள் எந்த அடுப்பில் இன்றைக்கு என்ன என்று மோப்பம் பிடித்துத் திரியும். சித்தியிடம் வெண்டைக்காய் மண்டி, அப்பத்தாவிடம் கவுனி அரிசி. "எங்க ஆத்தா இப்படிச் செய்யாதே" என்று ஒரே கூரைக்குள் நின்றுகொண்டே ஒப்பிட்டுப் பார்க்கும். வேறு மாதிரியும் வாழலாம் என்று பிள்ளைக்குத் தெரிவதற்கு அடுக்குமாடி வரவேண்டியதில்லை.

3 மார்ச்

"நீங்கள் நகரத்தாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்து ஊரில், ஒரு பெரிய வீட்டின் மூன்றாம் கட்டில் வளர்ந்தவள். அம்மா அங்கே சமையல். அம்மாவுக்கு முன்னால் என் பாட்டியும் சமையல். அப்புறம் நான் அங்கன்வாடி டீச்சர், 36 வருஷம். போன வருஷம்தான் ஓய்வு. அடுப்புக் கணக்கு எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

5 மார்ச்

எழுதிவிட்டு யோசித்தேன். நான் சொன்னதும் பாதிதான்.

பணிக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வந்தவர் கரும்பலகையில் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டார். நடுவில் பிள்ளை. சுற்றி வீடு, பள்ளி. அதற்கு வெளியே பிள்ளை காலே வைக்காத இடங்கள், அப்பாவின் வேலையிடம் மாதிரி. இன்னும் வெளியே நாட்டுச் சட்டம், பழக்கவழக்கம். மாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979-ல் புத்தகமாக எழுதிய கருத்து அது. 1965-ல் அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளுக்காக நம் அங்கன்வாடி போலவே ஆரம்பித்த ஹெட் ஸ்டார்ட் திட்டத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். நம் அங்கன்வாடி 1975 அக்டோபர் 2-ல் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அந்தப் படம் எங்கள் வீடு மாதிரியே இருந்தது: முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. என்ன, நான் இருந்தது நடுவில் இல்லை, கடைசியில்.

"பிள்ளை காலே வைக்காத இடம்" என்றதும் எனக்கு ரங்கூன் ஞாபகம் வந்தது. ரங்கூன் மொகல் தெருவை என் அம்மா பார்த்ததில்லை, அவள் அம்மாவும் பார்த்ததில்லை. ஆனால் அங்கே நடந்தது எங்கள் அடுப்பைத் தொட்டது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டியார்கள் பர்மாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்தது. கடன் வரவில்லை, ஈடாக நிலம் வந்தது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930-ல் 6 சதம் நிலம். 1937-ல் 25 சதம். பணமாக இருந்தால் கப்பலில் வரும். நிலம் எப்படி வரும்? 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது, அடுத்த மார்ச்சில் ஜப்பான்காரன் உள்ளே வந்தான். எங்கள் பெரிய வீட்டு ஐயா கட்டிய வேட்டியோடு அசாம் வழியாக நடந்து வந்தார். அவர் வந்த மாதமே மூன்றாம் கட்டில் ஏழு சமையலாள் இரண்டு ஆனார்கள்.

6 மார்ச்

திருத்தம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஏழு இல்லையாம், ஐந்தாம். "நான் சொல்றதை நீ எப்பவுமே ரெண்டு கூட்டித்தான் சொல்லுவே" என்றாள்.

9 மார்ச்

அந்த ஐயாவுக்கு இரண்டு மகன்கள். 1942-ல் பெரியவருக்குப் பதினாறு, சின்னவருக்கு ஐந்து. ஒரே வீடு, ஒரே நஷ்டம்.

பெரியவர் படிப்பை விட்டார். திருச்சியில் ஒரு கடைக்குக் கணக்கெழுதப் போய், அப்புறம் சொந்தமாக இரும்பு வியாபாரம். நான் பார்த்தபோது அவருக்கு ஐம்பது இருக்கும். பென்சில் கட்டை விரல் அளவு தேயும் வரை எழுதுவார். அதற்கப்புறம் அதில் காகிதம் சுற்றி எழுதுவார். சின்னவர் நேரெதிர். முகப்பில் பெட்டியடியில், அதாவது கணக்குப் பார்க்கும் இடத்தில் போய் உட்காருவார், வியாபாரமே கிடையாது. இரும்புப்பெட்டியில் பர்மா நிலத்துப் பத்திரக் கட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை, தை மாதம், வெயிலில் காயவைப்பார். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, அடுத்தடுத்த வருஷங்களில் எல்லாவற்றையும் நாட்டுடைமை ஆக்கிய பிறகும் காயவைத்தார்.

கிளென் எல்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார், ஊர்தான் வேறு. கலிபோர்னியா ஓக்லாந்தில் 1920, 1921-ல் பிறந்த 167 பிள்ளைகள். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அப்பாக்களின் வருமானம் போனபோது அவர்கள் விவரம் தெரிந்த வயது. பையன்கள் வேலைக்குப் போனார்கள், பெண்கள் வீட்டு வேலையைத் தூக்கிச் சுமந்தார்கள். பெரும்பாலோர் திடமாகவே வளர்ந்தார்கள். பக்கத்துப் பெர்க்லியில் 1928, 1929-ல் பிறந்தவர்களையும் அவர் பார்த்தார். அவர்களுக்குக் கஷ்டம் வந்தது சிறு வயதில். அங்கே பையன்கள் அதிகம் அடிபட்டுப் போனார்கள், தன்னம்பிக்கை குறைந்தது.

எங்கள் பெரியவர் ஓக்லாந்து, சின்னவர் பெர்க்லி. தேவகோட்டைக்காரருக்கு என் பதில் இதுதான்: "அந்த வீடு வளர்த்தது" என்று சொல்லாதீர்கள். எந்த வயதில், எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவரை வளர்த்தது என்று சொல்லுங்கள்.

9 மார்ச், இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

பெரியவர் தேறினார், சின்னவர் வீணாய்ப் போனார் என்று தொனிக்க எழுதிவிட்டேன். அம்மா தூங்கிவிட்டாள். நாளைக்குத் திட்டு நிச்சயம்.

10 மார்ச்

திட்டு விழுந்தது.

"வீணாய்ப் போன மனுஷனா? உனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தது யாரு?"

மறந்தே போனேன் என்று சொன்னால் நம்புவீர்களா? மறக்கவில்லை. சொல்ல விட்டுப் போச்சு. அது இன்னும் மோசம். நாலு வயதில் நான் முகப்புப் பக்கம் போகக் கூடாது. யாரும் போடாத சட்டம். ஆனால் எல்லோருக்கும் தெரியும். சின்னவர் வேலை இல்லாதவர், அதனால் அவர்தான் பின்னால் வருவார். பின்தெருவுக் கதவோரம் நிழலில் உட்கார்ந்து, பழைய பேரேட்டில் எழுதாத பக்கமாகப் பார்த்து "அ" போட்டுக் காட்டினார். ஒரு பக்கம் ரங்கூன் பற்று வரவு, மறுபக்கம் என் கோணல் "ஆ". பென்சில் பெரியவருடையது, திருடிக்கொண்டு வருவார்.

ஹவாயில் கவாய் என்ற தீவு. 1955-ல் அங்கே பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு வறுமை, குடி, சண்டை என்று ஆரம்பமே சரியில்லை. அப்படிப்பட்டவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாக நிமிர்ந்தார்கள். நிமிர்ந்தவர்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பெரிய மனுஷர் இருந்தார்: பாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, வாத்தியாரோ. இதைப் பயிற்சியில் கேட்டபோது தலையாட்டினேன். என் மையத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நான்தான் அந்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு யார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

எல்டர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெர்க்லிப் பையன்களில் பலர் பின்னால் ராணுவத்துக்குப் போய்த் தேறினார்களாம். சின்னவருக்கு ராணுவம் கிடைக்கவில்லை. நாற்பதைத் தாண்டி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அதற்கப்புறம் பத்திரத்தைக் காயவைக்கக் காணோம் என்கிறாள் அம்மா.

14 மார்ச்

வார்த்தைக் குழப்பம் ஒன்று. செட்டியார் வீட்டில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். அங்கன்வாடியில் ஆயா என்றால் உதவியாளர். என் மையத்தில் ஒரு நகரத்தார் பையன் கொஞ்ச நாள் வந்தான். அங்கே ஓர் ஆயா, வீட்டில் ஓர் ஆயா. "எங்க ஆயா என்னை அடிச்சுட்டா" என்று அவன் வீட்டில் போய்ச் சொல்ல, சொந்த ஆயா பதறிக்கொண்டு கிளம்பி வந்தார், "நான் எப்படா அடிச்சேன்" என்று. உண்மையில் யாரும் அடிக்கவில்லை. சோறு சிந்தியதற்குக் கண்ணை உருட்டியிருக்கிறாள்.

15 மார்ச்

சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். தட்டு விஷயத்தைச் சொல்லாமல் போனால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை.

"வேறு பாஷை, வேறு சாமி எல்லாம் நகரத்துச் சமாசாரம்" என்று தேவகோட்டைக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். ஐயா, 1988-ல் என் மையத்துக்கு வந்து பாருங்கள். இருபத்திரண்டு பிள்ளைகள். பள்ளிவாசல் தெருவிலிருந்து நாலு பேர், காலனியிலிருந்து ஒன்பது பேர், பெரிய வீட்டுக் காவல்காரர் மகள், ஆசாரி வீட்டு இரட்டையர், பாக்கி ஊர்க்குடிகள். சோறு நேரத்தில் மூன்று வீட்டு அம்மாக்கள் பிள்ளைக்குத் தனித் தட்டும் தம்ளரும் கொடுத்து அனுப்புவார்கள். மையத்துத் தட்டில் சாப்பிடக் கூடாது, ஏனென்றால் அதில் காலனிப் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். சுத்தம் என்று சொல்வார்கள். காரணம் எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

நான் அனுமதித்தேன். ஒரு வருஷத்துக்கு மேல். இருபத்துநாலு வயது, புது வேலை, ஊர்ப் பகை வேண்டாம் என்று. நான் யார் வீட்டுப் பின்கதவில் வளர்ந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மாற்றியது நான் இல்லை. மூன்று வயதுக்காரி ஒருத்தி, காலனிப் பெண். அந்தத் தனித் தட்டுகளில் ஒன்றில் மயில் படம் போட்டிருந்தது. மயில் வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். தட்டுக்காரன் கொடுத்துவிட்டான், பதிலுக்கு இவள் தட்டில் சாப்பிட்டான். மறுநாளும். பிள்ளைகளுக்குள் அது ஒரு விளையாட்டாகி, மூன்று தட்டும் வட்டத்தில் சுற்ற ஆரம்பித்தது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். முதல்முறையாகச் சரியான காரணத்துக்காக. ஒரு மாதத்தில் ஒரு அம்மா கண்டுபிடித்துச் சண்டைக்கு வந்தார். பிள்ளையை இரண்டு வாரம் நிறுத்தினார். அப்புறம் களை எடுக்கப் போகவேண்டுமே, யாரிடம் விட்டுப் போவது? அனுப்பினார், தட்டு இல்லாமல்.

மயில்காரி இப்போது சிவகங்கைப் பக்கம் நர்ஸ். தட்டு ஞாபகம் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டேன். இல்லை என்றாள். தட்டுக்காரனுக்கு ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவனுக்கு வீட்டில் அடி விழுந்தது.

21 மார்ச்

"அப்பா இல்லாத வீடு இப்போதுதான்" என்கிறீர்கள். செட்டியார் கடைகளில் வேலைக்கு, மேலாளாகவும் அடுத்தாளாகவும் பெட்டியடிப் பையனாகவும், கப்பலேறியவர்களுக்கு மூன்று வருஷக் கணக்கு, அதற்கப்புறம்தான் ஊர். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். ஒரு பிள்ளைக்கு மூன்று வயதில் முதல்முறை அப்பச்சியை (அப்பாவை) பார்க்கக் கொடுத்துவைத்திருக்கும். பார்த்ததும் அழுது ஓடும். வீட்டை நடத்தியது ஆச்சிகள், அதாவது அந்த வீட்டுப் பெண்மணிகள். வட்டிக் கணக்கு, சாமான் கணக்கு, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் என்ற கணக்கு, எல்லாம் அவர்கள் விரல்நுனியில். பெண்கள் கணக்கில் கெட்டியாக வளர்ந்ததற்கு ஆண்கள் ஊரில் இல்லாததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது சிங்கப்பூர், துபாய். என் மையத்தில் ஒரு பையனிடம் "அப்பா எங்கே?" என்று கேட்டால் அம்மாவின் போனைத் தொட்டுக் காட்டுவான். அப்பா லீவில் வந்தபோது அவரைக் காட்டி "இது யாரு?" என்றேன். அவரைப் பார்த்தான், போனைப் பார்த்தான், போனை அவர் கன்னத்தில் வைத்தான்.

2 ஏப்ரல்

பிள்ளை கூட்டுவது (தத்தெடுப்பது) பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. வாரிசு இல்லாத வீட்டுக்கு அதே கோவில் பங்காளி வீட்டுப் பையனை எடுத்துக்கொள்வார்கள். வளர்ந்த பையனாகவும் இருக்கலாம். நான் அறிந்த ஒருவர் பன்னிரண்டு வயதில் அப்படிப் போனவர். பெற்ற அப்பாவைச் சித்தப்பா என்று கூப்பிடப் பழகவேண்டும். "நாக்கு ஒரு வருஷத்தில் பழகிடுச்சு. கனவில் மட்டும் இன்னும் பழைய முறைதான்" என்பார். எழுபது வயதில் சொன்னது.

11 ஏப்ரல்

சொந்தக் கதை. மகள் பெங்களூரில். பேரனுக்கு இரண்டே கால் வயது, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை. வீட்டில் தமிழ், காப்பகத்தில் கன்னடமும் இந்தியும், மாடியில் ஆங்கிலம். மருமகனின் அம்மா சொல்கிறார்: நாலு பாஷை போட்டுப் பிள்ளையைக் குழப்பிவிட்டீர்கள், ஒன்றே போதும் என்று நிறுத்துங்கள். நான் சொன்னேன்: பாஷை காரணம் இல்லை. பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் என் மையத்தில் நாலே மாதத்தில் தமிழ் பேசினாள், அதுவும் எங்கள் ஆயாவின் வசவுத் தமிழ். காரணம் அடுக்குமாடிதான், பேச ஆள் இல்லை, போன் அதிகம்.

எழுதும்போதே தெரிகிறது, தேவகோட்டைக்காரர் கட்சியில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

19 ஏப்ரல்

நாங்கள் இரண்டு பேரும் தப்பு. டாக்டர் முதலில் காதைப் பார்த்தார். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது. சளி பிடித்துப் பிடித்து வந்ததாம். தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு கேட்பது போல் இருக்கும் என்றார். மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம், தானாகவே வடிந்துவிடும் வாய்ப்பு அதிகம், இல்லாவிட்டால் சின்னக் குழாய் வைக்கலாம் என்றார்.

36 வருஷம். பேச்சு வராத பிள்ளை என்று யார் கொண்டுவந்தாலும் "முதலில் காதைக் காட்டுங்கள்" என்று நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொந்தப் பேரன் என்றதும் சமூகம், சூழல், அடுக்குமாடி என்று பேசிக்கொண்டிருந்தேன். மருமகனின் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் ஜெயித்த மாதிரியும் பேசவில்லை, தோற்ற மாதிரியும் பேசவில்லை. "காது பெரிசா இருக்கேன்னு நெனச்சேன்" என்றார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல எனக்கு அன்றைக்குத் தகுதியில்லை.

27 ஜூலை

நீர் வடிந்துவிட்டது. குழாய் வேண்டாம் என்றார்கள். வார்த்தை வருகிறது, வரிசையாக இல்லை, கொட்டுகிறது. தண்ணீருக்கு நீரு என்கிறான், அது கன்னடமா தமிழா என்று வீட்டில் ஒரே சண்டை.

16 ஆகஸ்ட்

கடைசியாக ஒன்று, இதைக் கேட்டவர்கள் யாருமில்லை. நாங்கள் இருந்த பெரிய வீடு இப்போது தங்கும் விடுதி. மகள் ஊருக்கு வந்திருந்தாள், மதியச் சாப்பாட்டுக்கு அங்கேதான் போகவேண்டும் என்றாள். நான், அம்மா, மகள், மருமகன், பேரன்.

காரை விட்டு இறங்கியதும் அம்மாவைக் காணோம். எண்பத்தெட்டு வயதில் அவ்வளவு வேகம். பழக்கத்தில் பின்தெருவுக்குச் சுற்றிக்கொண்டு போய், பூட்டிய கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். சீருடை போட்ட வடக்கத்திப் பையன் ஒருவன் ஓடிவந்தான். "ஆச்சி, வழி அந்தப் பக்கம்."

வயதான அம்மாக்களை அப்படிக் கூப்பிட அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த வீட்டில் ஆச்சி என்றால் யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அம்மா முகப்பு வழியாக உள்ளே வந்தாள். சாப்பிடும் வரைக்கும் பேசவில்லை. ரசம் வந்தபோது மட்டும் என் காதருகே, "என்னைப் பாத்து ஆச்சிங்கிறான்டீ" என்றாள். கோபமா சந்தோஷமா என்று இன்னும் பிடிபடவில்லை, கேட்டால் "ரசம் நல்லாயில்லை" என்கிறாள்.

எங்கள் அடுப்பு இருந்த இடத்தில் துண்டு மடித்து வைக்கும் அலமாரி. பேரனுக்கு அதெல்லாம் எதற்கு? வளவு நடுவில் நின்று "ஆச்சீ" என்று கத்தினான். நாலு பக்கமும் மோதித் திரும்பி வந்தது. ஒரு நிமிஷம் காதைப் பொத்திக்கொண்டான், அப்புறம் மறுபடி கத்தினான். மேல்மாடியில் விருந்தினர் தூங்குவதாக அந்தப் பையன் இரண்டு தடவை வந்து சொன்னான்.